விரலில் வந்த அம்மை

காலை ஆறு மணி பத்து நிமிடம். மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்து வலது ஆள்காட்டி விரலை என் முன்னால் நீட்டினாள். மொச்சைப் பயறு அளவுக்கு ஒரு கொப்புளம். ஓரம் சிவந்து, நடு வெளுத்து. மறுநாள் மாலை அவள் கோவில்பட்டியில் சென்னைக்கு ரயிலேற வேண்டும். முதல் வேலை.

தாயிடம் பால் இல்லாத வெள்ளாட்டுக் குட்டி ஒன்றுக்கு இரண்டு வாரமாக அவள்தான் புட்டிப்பால் புகட்டி வந்தாள். நாலைந்து நாளாக அதன் உதட்டிலும் பொருக்குத் தட்டிய புண். பக்கத்து வீட்டு மதினி வந்து விரலைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். "அம்மைல்லா போட்டிருக்கு!"

அந்த ஒரு சொல்லில் வீடே மாறிவிட்டது. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது; பயணத்துக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த மனைவி பாதியில் அடுப்பை அணைத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பயணமும் கூடாது. பள்ளிக்கூடத்தில் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான், டாக்டரைத் தேடாமல் வேப்பங்குலையை ஒடித்து வந்து வாசலில் செருகினேன். போதாதென்று ஆட்டுக் கொட்டகையிலும் ஒரு குலை கட்டினேன். அதை ஆடு தின்றுவிட்டது.

"எப்பா, ஆத்தாளையே ஆடு தின்னுட்டு!" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மதினி படிக்கு வெளியே நின்று, "ஏட்டி, வேலைக்குப் போகச் சடைஞ்சு நீயே வரவழைச்சியோ?" என்றார். என் மகளுக்கு அவர் பெரியம்மை முறை.

"ஆமா! சின்னம்மை விரல்ல நிக்கி, பெரியம்மை வாசல்ல நிக்கி!"

தெருவே சிரித்தது. மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் பயம் போகவில்லை. ஆட்டு நோய் மனிதருக்கு வந்தால் விரலோடு நிற்குமா? விரலை எடுக்கச் சொல்லிவிட்டால்?

எனக்குத் தெரியாமல் மகள் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டிருந்தாள். பதினொரு மணிக்கு அந்த அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வேப்பங்குலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையுறை மாட்டிக் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். கை கழுவி, வேறு உறை மாட்டி, விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க நினைக்கிற அம்மை இல்ல அண்ணாச்சி. குட்டிக்கு வாயில வார தொத்துப் புண்ணு. பால் குடுக்கையில விரல்ல இருந்த கீறல் வழியா ஏறியிருக்கு. கிள்ளாம மூடிக் கட்டி வச்சா, கொஞ்ச வாரத்துல தானா ஆறிரும். எதுக்கும் போற வழியில ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டிருங்க. பிள்ளை நாளைக்குத் தாராளமா ரயிலேறட்டும். குட்டியத் தனியாக் கட்டுங்க. இனி அதுக்குப் பால் குடுக்கது நீங்கதான், கையுறை போட்டுக்கிட்டு."