அவளே போட்ட சார்ஜ்

என் மகளுக்குப் பேச்சு வராது. பிறந்தபோது மூளைக்குப் பிராணவாயு போதாமல் போனதில் நாக்கும் கைகளும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. புத்தி மட்டும் படு கூர்மை. மடியில் இருக்கும் டேப்பில் விரல் முட்டியால் எழுத்துகளைத் தட்டுவாள். அது வாய்விட்டுச் சொல்லும். செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் அந்தக் குரல் வைத்ததுதான் சட்டம்.

சார்ஜ் ஏறும்போதும் அவளுக்குப் பேச வேண்டியிருக்கும். கை திடீரென்று உதறும், ஒயர் இழுபடும், டேப்பில் சார்ஜர் செருகும் துளை ஆடத் தொடங்கிவிடும். கடைசியில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். அந்த நாட்களில் அவள் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

போன மழைக்காலத்திலும் அப்படித்தான் ஆனது. செல்போன் கடைக்காரர் துளையை மாற்றிக் கொடுத்துவிட்டு, "இழுத்துகினே இருந்தா எத்தினி தபா மாத்தினாலும் பூடும், அண்ணாத்த. மேக்னட் பின்னு போட்டுப் பாருங்க" என்றார். ஒன்று வாங்கி வந்தேன். அதன் குட்டி முனை டேப்பின் துளைக்குள்ளேயே இருந்துவிடும். ஒயரின் நுனியில் காந்தம். கிட்டே கொண்டுபோனால் ஒட்டும். இழுத்தால் துளையைப் படுத்தாமல் கழன்றுவிடும்.

மறுநாள் காலை கல்பாக்கம் ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "நான் போடுறேன்" என்று தட்டினாள். அதுவரை சார்ஜ் போடுவது என் வேலை, இல்லையென்றால் என் மனைவியின் வேலை. எனக்கு நம்பிக்கையில்லை. இருந்தாலும் ஒயரை மேஜை விளிம்பில் துணி கிளிப்பால் பிடித்து, நுனி அவள் கைக்கு எட்டும்படி விட்டேன்.

முதல் வீச்சில் அது சக்கர நாற்காலியின் இரும்புக் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனைவி எடுத்துத் தரப் போனாள். மகள் தலையை ஆட்டி வேண்டாமென்றாள். முட்டியால் தட்டிப் பிரித்து மறுபடி தள்ளினாள். விலகிப் போனது. மறுபடியும் தள்ளினாள். பஸ் போய்விடும் என்று தெரிந்தும் நான் அசையவில்லை. டக். திரையின் மூலையில் மின்னல் குறி வந்தது.

"நானே போட்டேன்."

இயந்திரக் குரல்தான், ஏற்ற இறக்கமே கிடையாது. மனைவி சமையலறைக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆபீசில் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். என் மகள் சார்ஜ் போட்டாள் என்றேன். யாருக்கும் புரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் முழுக் கதையையும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

பொங்கல் லீவில் மாமல்லபுரம் போனோம். கடற்கரையில் மாங்காய் விற்ற அம்மாள் என் மனைவியிடம், "பாப்பா இன்னா படிக்குது?" என்று கேட்டார். மனைவி பதில் சொல்வதற்குள் டேப் முந்திக்கொண்டது.

"பத்தாவது. என்னையே கேளுங்க."

அந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் மகளுக்கு எதிரே குந்தினார். மிளகாய்த்தூள் எவ்வளவு போடட்டும் என்று அவளைப் பார்த்தே கேட்டார். அவள் பதிலைத் தட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.