மாதிரிக்கு என் படம்

போன் வந்தபோது நான் திருவெள்ளறையில் இருந்தேன். எங்கள் கல்லூரி மாணவர்கள் அங்கே ஒரு வாரம் முகாம் போட்டிருந்தார்கள். முகாம் பேனரில் கல்லூரிச் சின்னம் சரியான அளவில், சரியான சிவப்பில் இருக்கிறதா என்று பார்த்துவர என்னைக் காலையிலேயே அனுப்பியிருந்தார்கள். சிவப்பு சரியில்லை. அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கல்லூரி வாட்ச்மேன் கூப்பிட்டார்.

"அண்ணே, உயிரோடதான இருக்கீங்க?"

"இருக்கேன். ஏன்?"

"கேட்ல உங்க போட்டோவப் போட்டு இரங்கல் போர்டு கட்டியிருக்காங்கண்ணே. நேத்து சாயங்காலம்கூட டீ வாங்கிக் குடுத்தீங்க. உடனே வாங்க. போர்டுக்குக் கீழ ஒரு அம்மா உக்காந்து அழுதுட்டு இருக்கு."

"எந்த அம்மா?"

"உங்க அக்காங்குது."

எனக்குத் தொட்டியத்தில் ஒரு அக்கா உண்டு. அவளைப் பார்த்துப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. கல்லூரியில் யாரிடமும் அவளைப் பற்றிச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் எனக்கு யாரும் இல்லை என்றே சொல்லியிருந்தேன். என் படம் அந்தப் போர்டுக்குப் போனதே அப்படிச் சொன்னதால்தான்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. பதினாலு வயதில் தொட்டியத்தில் வாழைத்தார் ஏற்றும் லாரியில் ஏறினேன். பிறகு ஊருக்கு எப்போதாவது வந்தால் தங்கியதெல்லாம் நாலு நாள், ஐந்து நாள்தான். திருப்பூரில் சாயப்பட்டறை, ஹூப்ளியில் ஓட்டல், சூரத்தில் பேனர் அடிக்கும் கடை. சாயப்பட்டறையில் தோல் உரிந்தது, ஓட்டலில் சோறு இருந்தது, பேனர் கடையில் எழுத்து பழகினேன். சூரத்தில் இருந்தபோது அம்மா இறந்துபோனாள். எங்கள் ஊர் லாரி டிரைவர் ஒருவர் சொல்லித்தான் தெரியும், அதுவும் நாலு மாதம் கழித்து. அதன் பிறகு ஊருக்கு எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. போகவில்லை. திருச்சிக்கு வந்து ஸ்ரீரங்கத்தில் அறை எடுத்துத் தங்கியபோதும், ஐம்பது அறுபது கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்குப் போகவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் கல்லூரிக்கு வகுப்பறை எண்கள் எழுதத்தான் வந்தேன். எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டடத்தின் பெயர்ப்பலகையில் ஒரு எழுத்து கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது என்று அங்கே நின்ற ஒரு மேடத்திடம் சொன்னேன். அவர் ஆங்கிலத் துறை. கல்லூரியின் போர்டு, பேனர், அழைப்பிதழ், கடிதம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நிர்வாகம் அமைத்த குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. அடுத்த வாரமே என்னைத் தன்னிடம் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார்.

நாற்பது பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம் போட்டிருந்தார். சின்னம் இடது மேல் மூலையில் இருக்க வேண்டும். அதைச் சுற்றி ஒரு விரல் அகலம் வெறும் இடம் விட வேண்டும். சிவப்பு என்றால் அரக்குச் சிவப்பு ஒன்றுதான். அந்த நிறத்தில் ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் வளாகம் முழுவதும் நடப்பேன். சுவரோடு, பஸ்ஸோடு, கேன்டீன் தட்டி வரைக்கும் ஒட்டிவைத்துப் பார்ப்பேன். அடையாள அட்டைக்கும் விதி உண்டு, ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. 'அவசரத்துக்குத் தொடர்பு' என்ற கட்டத்தில் எழுத எனக்கு எண் இல்லை. மேடம் வாட்ச்மேன் அறையின் எண்ணைப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

இரங்கல் போர்டுகள்தான் அவருக்குப் பெரிய தலைவலி. யாராவது இறந்தால் ஒவ்வொரு துறையும் தன் இஷ்டத்துக்குப் போர்டு வைக்கும். ஒன்றில் புறா பறக்கும், ஒன்றில் மெழுகுவர்த்தி எரியும், ஒன்றில் மேகத்துக்கு மேலே முகம் இருக்கும். காலமானார், இயற்கை எய்தினார், மறைந்தார், இறைவனடி சேர்ந்தார் என்று வார்த்தையும் மாறும். குழு கூடி இரண்டு மணி நேரம் பேசி 'காலமானார்' என்று முடிவு செய்தது. புறா வேண்டாம், மெழுகுவர்த்தி வேண்டாம். சாம்பல் நிறப் பின்னணி, நடுவில் படம், கீழே பெயர். அதற்கு ஒரு மாதிரி தயாரானது. மாதிரியில் வைக்க ஒரு முகம் வேண்டும். யாரும் தரவில்லை. கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி, "மேடம், எனக்கு இப்பதான் பொண்ணு பாக்கறாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான். மேடமும் தன் படத்தைத் தரவில்லை.

"என்னோடத போடுங்க மேடம். எனக்கு யாரு இருக்கா, பாத்துட்டு அழ?" என்றேன்.

மேடம் கொஞ்சம் தயங்கினார். பிறகு என் அடையாள அட்டைப் படம் அந்தச் சாம்பல் நிறத்தின் நடுவே போய் உட்கார்ந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

அதெல்லாம் நடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. திருவெள்ளறையிலிருந்து பஸ்ஸில் வரும்போது என்ன நடந்தது என்பதைப் போனிலேயே மேடம் சொன்னார். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் முந்தைய நாள் இறந்திருக்கிறார். மேடம் விடுப்பில் இருந்தார். அலுவலகத்தில் மாதிரியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அச்சுக் கடைக்கு அனுப்பி, போட்டோ பின்னால் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரர் அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று அடித்துக் கட்டிவிட்டார்.

"அந்த சாரோட பையன் வந்து பாத்துட்டாருண்ணா. 'எங்கப்பாவுக்கு இவ்வளவு முடி இருந்ததே இல்லைங்க'ன்னார். அவ்வளவுதான் சொன்னார். நான் அப்படியே நின்னுட்டேன்."

நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ் மாறியது நினைவில் இல்லை. டிக்கெட் வாங்கினேனா என்பதும் நினைவில் இல்லை.

கல்லூரி கேட்டில் நான் எட்டடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். பெயருக்கு முன்னால் 'முனைவர்' இருந்தது. அடியில் 'காலமானார்'. சின்னம் இடது மேல் மூலையில், சுற்றிலும் ஒரு விரல் இடத்தோடு இருந்தது. அந்த நேரத்திலும் என் கண் அதைத்தான் முதலில் பார்த்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

போர்டின் கீழே, நிழலில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் விட்டுவந்த அக்காவுக்குத் தலை கறுப்பாக இருந்தது. இவளுக்கு முழுக்க வெள்ளை. வாட்ச்மேன் அவள் தோளைத் தொட்டு, "இந்தா வந்துட்டாரும்மா" என்றார்.

அவள் எழுந்து என் பக்கத்தில் வந்தாள். கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு போர்டைப் பார்த்தாள். திரும்ப என்னை.

"யாருடா நீ?"

"நான்தான்க்கா."

"அப்ப அது யாரு?"

"அதுவும் நான்தான்."

தொட நீட்டிய கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அவளுக்குப் போன மாதம் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. திருச்சி புத்தூரில் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போக வந்தவள், பஸ் ஜன்னலில் இருந்து இந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். பெயர் வேறாக இருந்தது, முன்னால் பெரிய படிப்பு இருந்தது. தம்பி பெயரை மாற்றிக்கொண்டு எங்கேயோ படித்துப் பெரிய ஆளாகி, சொல்லாமலே செத்தும் போய்விட்டான் என்று நினைத்திருக்கிறாள். கண்டக்டரிடம் சத்தம் போட்டு இறங்கியிருக்கிறாள்.

"அழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. புதுக் கண்ணுலயே உன் சாவத்தான்டா பாத்தேன்."

அதற்குள் மேடம் ஓடிவந்தார். இரண்டு பேர் ஏணி போட்டு போர்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

"மன்னிச்சிடுங்கம்மா, தப்பு நடந்துபோச்சு, அது மாதிரிக்கு வச்ச படம்" என்றார் மேடம்.

"மாதிரியா? உயிரோட இருக்கறவன் படத்த எடுத்துச் செத்தவன்னு மாதிரி போடுவீங்களா? உங்க வீட்டுப் படத்த வைக்கறதுதானம்மா? என் தம்பிதான் கெடச்சானா?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவே நான் சொல்ல வேண்டியதாயிற்று.

"அவங்க மேல தப்பில்லக்கா. நான்தான் குடுத்தேன்."

"ஏன்டா?"

"வேற யாரும் தரல. எனக்குதான் யாரும்..."

பாதியில் நின்றுவிட்டது. ஏணிமேல் இருந்தவர்கூடக் கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார்.

"சொல்லு. யாரும்?"

நான் ஏணியைப் பார்த்தேன்.

"யாரும் இல்லன்னு சொன்னியா?"

தலையை ஆட்டினேன். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் தேவலை. அவள் முந்தானையால் கண்ணைத் தொடாமல் கன்னத்தை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

"பன்னெண்டு வருசம் ஆனதும் ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. அவன் போய்ட்டான், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துல வச்சுக் காரியத்த முடிச்சுடு, இல்லன்னா வீட்டுக்கு ஆகாதுன்னு. ஒன் மாமா துணியெல்லாம் வாங்கிட்டு வந்துட்டாரு. நான் மாட்டேன்னுட்டேன். ஒடம்பப் பாக்காமப் பண்ண மாட்டேன்னு சண்ட போட்டு நின்னேன். இன்னிக்கு இந்த போர்டப் பாத்ததும், ஐயோ, அவங்க சொன்னதுதான் சரி, நாம்பளே அவன அனாதையா விட்டுட்டமேன்னு..."

தொட்டியத்தில் என் சாவுக்குத் துணி வாங்கி வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சிவப்பு சரியா என்று சுவர் சுவராக அட்டையை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நட. தலையில தண்ணி ஊத்தணும். அதுவரைக்கும் நான் உன்னத் தொட மாட்டேன்."

பஸ்ஸிலும் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. பெண்கள் இருக்கையில் இருந்து, நான் இருக்கிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். காவிரிக் கரையில் அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் இறங்கும்போது, பிண்டம் வைத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு சாஸ்திரிகள் எழுந்து வந்தார்.

"யாருக்கும்மா? தாயாருக்கா, தகப்பனாருக்கா?"

"யாருக்கும் இல்ல சாமி. இவன் குளிக்கணும், அவ்வளவுதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

இடுப்பளவு தண்ணீரில் சட்டையோடு உட்கார்ந்தேன். அவளுக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது. முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு, பூக்காரியிடம் வாங்கின பிளாஸ்டிக் சொம்பால் என் தலையில் ஊற்றினாள். எத்தனை சொம்பு என்று தெரியாது. கை வலிக்கிறவரை ஊற்றினாள். பிறகு சொம்பைப் படியில் வைத்துவிட்டு, என் காதைப் பிடித்து முறுக்கினாள். சின்ன வயதில் முறுக்கின அதே காது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தண்ணீரில் யாருக்கும் தெரிந்திருக்காது.

சாயங்காலம் தொட்டியம் பஸ்ஸில் அவளை ஏற்றிவிடப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னேன். நம்பவில்லை. ஜன்னல் வழியாக, "உன் நம்பர் குடுக்கா" என்றேன்.

"எதுக்கு? நீ செத்தா எனக்குச் சொல்லவா?"

"ஆமா. காலேஜ் அட்டையில அதுக்கு ஒரு கட்டம் இருக்கு."

பின் இருக்கையில் இருந்த பெண் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எங்களையே பார்த்தாள்.

"சொல்றேன், எழுதிக்க. ஆனா அந்த மேடத்துகிட்ட என் போட்டோவ மட்டும் குடுத்துறாத. எதுக்காவது மாதிரின்னு போட்டுத் தொலைப்பாங்க."

டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன். படிச்சுக் காட்டு என்றாள். படித்தேன். இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதியிருந்தேன். ஊரெல்லாம் அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இரு இரு, இவன் இன்னும் சரியா எழுதல" என்று அவரைப் பார்த்துக் கத்தினாள்.