நாற்பதாம் பக்கத்து மல்லிகை மொட்டு

உங்கள் அம்மா டாக்டர் பட்டத்துக்குப் படித்த வருஷங்களில் நான் யாரையும் நம்பவில்லை. அப்போது திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் அவளுக்குத் தற்காலிக வேலை. பட்டம் வந்தால்தான் நிரந்தரமாகும்.

வழிகாட்டிப் பேராசிரியரை முதல் நாள் பார்க்கப் போனபோது நான் கதவோரம் நின்றேன். உள்ளே விருந்தாளிகள். அம்மாவின் கறுத்த நிறத்தையும் நூல் சேலையையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, நாலு டீ கொண்டா," என்றார் அவர். அவள் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான்தான் சார் புதுசா ஆராய்ச்சிக்குச் சேந்தவ," என்றாள். அவர் சிரித்தார், அவ்வளவுதான்.

அவரிடம் படித்த மற்றவர்களுக்கு அத்தியாயம் ஒரு வாரத்தில் திரும்பும். இவளுக்கு மூன்று மாதம். முதல் தாளில் மட்டும் 'நடை சரியில்லை, திருத்துக' என்று சிவப்பு மையில் இருக்கும். உள்ளே ஒரு கோடு கிடையாது. நிறமா, சாதியா, பெண் என்பதாலா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் நிலக்கோட்டையில் பூ மூட்டை ஏற்றுகிறவன். மூட்டையின் வாய்க்கட்டில் ஒரு மொட்டைச் செருகி அனுப்புவோம். வழியில் யாராவது பிரித்தால் அது விழுந்துவிடும். மூன்றாம் அத்தியாயம் போனபோது, அம்மாவுக்குத் தெரியாமல் நாற்பதாம் பக்கத்தில் ஒரு மல்லிகை மொட்டை வைத்தேன்.

மொட்டு பழுப்பேறி, விழாமல் அதே பக்கத்தில் திரும்பி வந்தது.

"இங்க பாரு. அந்த ஆளு புரட்டவே இல்ல. நான் போயிக் கேக்கப்போறேன்."

அவள் அசரவில்லை. "அம்புட்டுத்தானா? போன தடவ நான் ஒரு தாளத் தலைகீழா வச்சுக் குடுத்தேன். அப்படியேதான் வந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லலையே?"

"சொன்னா இப்படித்தான் கெளம்பி நிப்பீங்க. கையெழுத்து அவருல்ல போடணும்? செத்த சும்மா இருங்க."

முதல் தாளை மட்டும் புதிதாக டைப் அடித்தாள். மற்றதில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை, மொட்டையும் எடுக்கவில்லை. மறுபடி மூன்று மாதம். 'திருத்தம் நன்று' என்று கையெழுத்தோடு வந்தது. மொட்டு அதே இடத்தில் இருந்தது.

பட்டம் வந்தது, வேலையும் நிரந்தரமானது. பாராட்டுக் கூட்டத்தில் அவர், "வரிவரியா உக்காந்து திருத்துனேன்," என்றார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேருமே சிரித்திருப்போம்.

அந்தத் தாள்கள் பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. நாளை உங்கள் எழுத்தை யாராவது சரியில்லை என்றால், கோபப்படாமல், எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள்.