பத்துக்கு மூன்று

மல்லேஸ்வரத்தில் நான் காதைக் காட்டப் போன மருத்துவமனையில் அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். தலையை மழித்திருந்தார்கள். நாளை அறுவை சிகிச்சை, அதன்பின் இரண்டு காதும் கேட்காது என்று அவருடைய நண்பர் என்னிடம் சொன்னார்.

நோயாளியின் மடியில் ஒரு பை நிறையப் பாட்டு சிடிகள். ஒவ்வொரு சிடியையும் சட்டை நுனியில் துடைத்த பிறகே அவர் கையடக்க பிளேயரில் போட்டார். இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக் கேட்டு, ஆல்பங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். நண்பர் எல்லாவற்றுக்கும் பத்து கொடுத்தார்.

“லோ மச்சா, எல்லாமே பத்துன்னா நான் எதைடா மறுபடி கேக்கறது? இருக்கறது ஒரே ராத்திரி.”

“நான் எதைடா வேணாங்கறது?”

“எப்பவும் என் பாட்டையெல்லாம் திட்டுவியே, இப்பவும் திட்டுடா!”

நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்கு மூன்று என்றார்.

“பாவி, இது என் உயிருடா!” என்று அவர் சிரித்தார். ஆனாலும் அதை ஒதுக்கி வைத்தார். உயிர் என்றதை ஒதுக்க அவரால் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.