திம்மராயன் வண்டியில் ஏறிய அக்பர் பாஷா

குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுக்குக் கயிறும் மணியும் விற்கும் அக்பர் பாஷாவிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பார்க்கலாம். கட்சியை விடச் சொல்லிப் பார்க்க முடியாது. மீசை முளைத்த வயதில் பிடித்த கொடி, தாடி நரைத்தும் கையைவிட்டு இறங்கவில்லை. அந்தக் கட்சி அவருக்கு ஒரு வார்டு மெம்பர் சீட்டுகூடத் தந்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டுகிறவர்களிடம் அன்றைக்கு முழுக்கப் பேசமாட்டார்.

போன நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சி சொற்ப வாக்கில் தோற்றது. அதில் அவர் பங்கும் உண்டு. ஊசலாடுகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் நடையாய் நடந்தவர், ‘நம்ம ஆளுங்கதானே, எங்க போயிடப் போறாங்க’ என்று சொந்தத் தெருவை விட்டுவிட்டார். நம்ம ஆட்கள் எங்கும் போகவில்லைதான். வாக்குச்சாவடிக்கும் போகவில்லை. லீவு நாள், நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம்.

இந்த முறை அப்படி நடக்கக் கூடாதென்று விடிந்ததிலிருந்து ஓடினார். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவந்து படுத்தவர்களைத் தட்டி எழுப்பினார். கர்நாடகத்தில் வாக்குப்பதிவு வேறு நாள் என்பதால் பெங்களூரில் வேலை செய்பவர்களுக்கு லீவு இல்லை. அவர்களையும் போன் மேல் போன் போட்டு வரவழைத்தார். மகன் ஃபைஸான் பைக்கில் ஆள் ஏற்றி ஏற்றி அலுத்துப்போனான்.

வாக்குச்சாவடியிலிருந்து தள்ளி, புளியமரத்தடியில் அவர் கட்சி மேசை. எதிரே மாற்றுக்கட்சி மேசையில் தக்காளி விவசாயி திம்மராயன். தேர்தலுக்குத் தேர்தல் இருவரும் இப்படித்தான் எதிரும் புதிருமாக உட்கார்ந்து முறைத்துக்கொள்வார்கள். டீயை மட்டும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

மாலை ஐந்தரையை நெருங்கியபோது அக்பர் பாஷா டீ டம்ளரை நீட்டினார். திம்மராயன் வாங்காமல் அவர் கையையே பார்த்தார்.

“பாய், மை எங்க?”

அக்பர் பாஷா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. ஊரையே ஓட்டுப் போட வைத்த மனிதர் தன் ஓட்டை மறந்துவிட்டார். கட்சி வேலை பழைய தெருவிலேயே இருந்தாலும், வீடு மாறியதில் அவர் ஓட்டு பக்கத்து ஊரான குருபரப்பள்ளியின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தது. ஆறு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். பைக்கோ ஃபைஸானோடு எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு தேர்தலைக்கூடத் தவறவிடாதவர் சாலையின் இரண்டு பக்கமும் வண்டி தேடினார்.

திம்மராயன் தன் மொபெட்டைக் கிளப்பினார். “ஏறு பாய்.”

அக்பர் பாஷா தயங்கினார். அந்த மொபெட் முழுக்கத் திம்மராயன் கட்சியின் வர்ணம். ஊருக்கே தெரிந்த வண்டி. அதில் ஏறினால், கடைசி நேரத்தில் பாய் கட்சி மாறிவிட்டார் என்று சந்தையே சிரிக்கும்.

“என்ன ரோசன பண்ணிக்கினு நிக்கற? கேட்டு மூடிடுவாங்க.”

ஏறினார். நெடுஞ்சாலை டீக்கடையில் அவர் கட்சிக்காரர்களே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். கட்சி வர்ண வண்டி வாக்குச்சாவடி கிட்டே போகக் கூடாதென்று திம்மராயன் தூரத்திலேயே நிறுத்தினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அக்பர் பாஷா ஓடினார். வரிசையில் அவர்தான் கடைசி ஆள். அவருக்குப் பின்னாலேயே கேட்டைச் சாத்தினார்கள்.

வாக்கு எண்ணிக்கை முன்னும் பின்னுமாக இழுத்தடித்து, கடைசியில் அக்பர் பாஷாவின் கட்சி மயிரிழையில் ஜெயித்தது. பட்டாசு வெடிக்கக் கூப்பிட்டார்கள். அவர் நேராகத் திம்மராயன் தோட்டத்துக்குப் போனார்.

“உங்க வண்டியில போயி உங்களுக்கு எதிராவே குத்திட்டு வந்துட்டண்ணா.”

“தெரிஞ்சுதானே ஏத்தினேன்,” என்றார் திம்மராயன், தக்காளி பறிப்பதை நிறுத்தாமல்.

கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி பூவம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. “அந்நேரத்துக்கு எங்க கொழுந்தனாரும் அவரு சம்சாரமும் பெங்களூர் பஸ்ல வந்து பைபாஸ்ல எறங்கி நின்னுக்கினு இருந்தாங்க பாய். இவருதான் போயி கூட்டியாறதா பேச்சு. ரெண்டு ஓட்டும் போச்சு.”

அக்பர் பாஷா திம்மராயன் பக்கம் திரும்பினார். “இத அப்பவே சொல்லியிருந்தா நான் ஏறியிருக்க மாட்டனேண்ணா.”

“அதான் சொல்லல.”

இப்படியொரு மனிதரை எதிர் மேசையில் உட்காரவைத்ததற்காக அக்பர் பாஷா மனதார அல்லாவுக்கு நன்றி சொன்னார். திம்மராயனுக்குச் சொல்ல வாயெடுத்தபோது அழுகை முந்திக்கொண்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த எலக்சனுக்கு உங்க தம்பிய பைபாஸ்லருந்து நானே கூட்டியாறேன். அவங்க ஓட்டு விழுந்தப்புறம்தான் எங்க தெருவுக்குப் போவேன்.”

“உன் ஓட்டு?”

“அது எங்க சின்னத்துக்குத்தாண்ணா.”