இங்கிலீஷுக்கு ஒரு பிள்ளையார் சுழி

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் படித்தபோது எனக்கு வேகம் வரவில்லை, விஷயங்கள்தான் சேர்ந்தன. பழுப்பு நரி ஒன்று சோம்பேறி நாயைத் தாண்டுகிற ஒரே வாக்கியத்தில் இங்கிலீஷின் இருபத்தாறு எழுத்தும் இருக்கின்றன. ‘டைப்ரைட்டர்’ என்ற சொல்லை மேல்வரிசை எழுத்துகளை மட்டும் வைத்தே அடித்துவிடலாம். கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் இதைச் சொல்லி உயிரை வாங்கினேன்.

விழுப்புரத்தில் ஒரு வக்கீலுக்கு டைப்பிஸ்ட் தேவைப்பட்டது. வேலை கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையை நான் பார்த்துவிட்டேன். அதனால் வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

“ஏதாவது அடிச்சுக் காட்டும்மா,” என்றார் வக்கீல்.

வெற்றுத்தாளைக் கண்டால் முதலில் பிள்ளையார் சுழி போட்டே பழகிய கை என்னுடையது. இங்கிலீஷ் மிஷினில் சுழி ஏது? 2 அடித்து, அதன் அடியில் ஒரு கோடு இழுத்தேன். கீழே நரியை ஓடவிட்டேன்.

“இது என்னம்மா ரெண்டு?”

சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. “கோர்ட்டுக்குப் போற பேப்பர்ல இதைப் போட்டா ஜட்ஜ் என்னை என்னான்னு நெனைப்பாரு? நீ கெளம்பும்மா.”

தாளை உருவி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பெஞ்சில் முகையூர் விவசாயி ஒருவர் காத்திருந்தார். வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் விட வந்தவர். இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது. என் தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நம்ம நோட்டீசுங்களா? சுழியெல்லாம் போட்டு லட்சணமா இருக்குதுங்க.”

“அது உன்னுது இல்லய்யா.” வக்கீல், தானே இரண்டு விரலால் அடித்து வைத்திருந்த நோட்டீஸை நீட்டினார்.

விவசாயி அதை மேலும் கீழும் பார்த்தார். “இது மொட்டையா கீதுங்களே. கேஸு எப்படிங்க ஜெயிக்கும்? அந்தப் பொண்ணு அடிச்சதையே அனுப்பிடுங்க.”

“யோவ், அதுல நரி நாயைத் தாண்டுதுய்யா!”

“தாண்டட்டுங்க. அந்தாளு நாயி நம்ம வரப்புலதான் படுத்துக்கினு இருக்குது.”

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு மிஷின் முன்னாலிருந்த நாற்காலியை மறுபடி எனக்குக் காட்டினார். “இந்த நோட்டீசை ஜல்தியா மறுபடி அடிம்மா. மேல அந்த ரெண்டையும் போட்டுத் தொலை. நாளைலேர்ந்து பத்து மணிக்கு வந்துடு.”

தையில் அந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தது. பெண் நானில்லை என்ற சந்தோஷத்தில் பந்தியில் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.