ஏழாவது புள்ளி

ஸ்டெல்லாமேரிக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும். கோவில்பட்டிக்கு வெளியே, கயத்தாறு ரோட்டில் இருக்கிற எங்கள் பம்பு கம்பெனியில் அவளுக்குக் கம்ப்யூட்டர், எனக்குச் சோதனைத் தொட்டி. குளத்தூரிலிருந்து விடிய பஸ் பிடித்து வருவாள். அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, மெஷினில் கை வைக்கலாம் என்று ஆசையாக வந்தவளை, முதலாளி ராமசுப்பு எக்செல் ஷீட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார். ஐந்து வருஷமாக அங்கேயேதான் இருக்கிறாள். கேட்டால், "என் கையில என்ன இருக்கு, சுடலைமணி அண்ணாச்சி?" என்பாள்.

வேலை இதுதான். போர்வெல் பம்பைத் தொட்டியில் இறக்கி ஓடவிட்டு, வால்வை ஏழு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சம் மூடுவேன். ஒவ்வொரு தடவையும் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது, அப்போது பம்பு எத்தனை அடி உயரத்துக்குத் தள்ளும் என்று கேஜைப் பார்த்துக் கத்துவேன். அவள் அதை ஏழு புள்ளிகளாக ஷீட்டில் போடுவாள். புள்ளிகளை ஒட்டி எக்செல் ஒரு வளைந்த கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்கு மூன்று எண்கள் கொடுக்கும். அந்த மூன்றும்தான் பம்பின் ஜாதகம். டீலர்கள் போனில் அதை ஏற்றிவிட்டால் போதும். ஆழத்தைத் தட்டினால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்லிவிடும்.

கோடு புள்ளிகளோடு எவ்வளவு ஒட்டுகிறது என்பதற்கும் எக்செல் மார்க் போடும். அச்சாக ஒட்டினால் ஒன்று. 0.99க்குக் கீழே இறங்கினால் முதலாளி கையெழுத்துப் போட மாட்டார்.

போன ஆடியில் ஒரு புது மாடல் வந்தது. ஆறு புள்ளிகள் சமர்த்தாகக் கோட்டில் உட்கார்ந்தன. வால்வு கிட்டத்தட்ட மூடியிருக்கும்போது எடுக்கிற ஏழாவது மட்டும் மல்லுக்கு நின்றது. முந்நூற்று முப்பது அடியில் இருக்க வேண்டியது முந்நூறிலேயே நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இது மட்டும் கீழ கெடக்கே. இன்னொரு தடவ பாப்பமா?"

அப்போது சாயங்காலம் நாலு மணி. பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் மெஷின் ஓடினால் எங்களுக்குக் கரண்ட் இறங்கும், பம்பு முக்கும், கேஜ் ஊசி கீழே விழும். எங்கள் கடைசி ரீடிங் எப்போதும் அந்நேரத்தில்தான் வரும். அதனால் கடைசிப் புள்ளி ஒட்டவில்லை என்றால் எங்கள் கம்பெனியில் யோசிக்கிற வழக்கமே கிடையாது.

"கரண்டு இறங்கியிருக்கும்ட்டி. தூக்கிப் போடு."

"நெசமாவா அண்ணாச்சி?"

"இருவது வருசமா இந்த ஊசியப் பாக்குதேன். நீ எனக்குச் சொல்லித் தாரியோ?"

தூக்கிப் போட்டாள். 0.97ல் கிடந்த மார்க் 0.998க்கு ஏறியது. முதலாளி கையெழுத்துப் போட்டார்.

மார்கழியில் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து கருப்பசாமி என்று ஒரு சம்சாரி வந்தார். மழை ஏமாற்றிவிட்டது. மூன்று ஏக்கர் மிளகாய் பூவெடுத்து நிற்கிறது. போரில் தண்ணீர் முந்நூற்றுப் பதினைந்து அடிக்குப் போய்விட்டது. ஸ்டெல்லாமேரி ஆழத்தைத் தட்டினாள். புது மாடல் நிமிஷத்துக்கு ஐம்பது லிட்டர் தரும் என்றது ஷீட். அவளே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். மனுஷர் அதைக் கோயில் விபூதி மாதிரி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் இரண்டு பேரும் அவர் காட்டுக்குப் போய்ப் பம்பை இறக்கினோம். மோட்டார் ஓடியது. தண்ணீர் வரவில்லை. ஒரு சொட்டு வரவில்லை.

கருப்பசாமி ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன். அவர் அந்தக் காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இதுல அம்பதுன்னு போட்டிருக்கேம்மா. உங்க கம்பெனியில வருதுல்லா, இங்கன மட்டும் ஏன் வரமாட்டுக்கு?"

அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"செடி இன்னும் எட்டு நாள் தாங்கும்மா. அதுக்குள்ள எதாவது செய்யி."

மறுநாள் காலையில், கரண்ட் முழுசாக இருக்கும்போது, அதே மாடலைத் தொட்டியில் போட்டோம். முந்நூறு. கேஜை மாற்றிப் பார்த்தோம். முந்நூறு. அதற்கு மேல் அந்தப் பம்புக்குத் தெம்பு இல்லை. ஸ்டெல்லாமேரி பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினாள்.

"அண்ணாச்சி, அன்னைக்குத் தேதியப் பாருங்க. தீப்பெட்டி ஆபீசுல கோயில் கொடைக்கு லீவு விட்டிருந்தாவ. நீங்கதான அங்கனயிருந்து பொங்கச்சோறு வாங்கிட்டு வந்தீங்க?"

ஆமாம். இரண்டு பேரும் பங்கு போட்டுத் தின்றோம். மெஷின் ஓடவில்லை, கரண்ட் இறங்கவில்லை. ஏழாவது புள்ளி சத்தியம். கூறுகெட்ட பயல், நான்தான் அதைத் தூக்கிப் போடச் சொன்னேன். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஆறியிருக்கும்.

முதலாளி பெரிய பம்பு தருவதாக ஒத்துக்கொண்டார். ஆனால் அதற்கு ஷாப்ட் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்றார்கள். ஸ்டெல்லாமேரி தினம் நாலு தடவை போன் போட்டாள். லாரித் தண்ணீர் அனுப்பலாமா என்று கேட்டாள். மூன்று ஏக்கர் கரிசலுக்கு லாரித் தண்ணீர் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஏழாவது புள்ளியைத் திரும்பச் சேர்த்து, புது எண்களை முதலாளி மேஜையில் வைத்தாள். மார்க் 0.97. அவர் பார்த்தார், கையெழுத்துப் போடாமல் ஓரமாக நகர்த்தினார். டீலர்கள் போனில் பழைய எண்களே இருந்தன. எட்டு நாள் தாண்டியது. அவள் தூக்குச்சட்டியைத் திறக்காமலே ஊருக்குக் கொண்டுபோனாள்.

பன்னிரண்டாம் நாள் லோடு ஆட்டோவில் புதுப் பம்போடு போனோம். தூரத்திலேயே மணிச் சத்தம் கேட்டது. மிளகாய்க் காட்டுக்குள் ஆடுகள் நின்றன. கருப்பசாமி உடைமர நிழலில் குத்தவைத்திருந்தார்.

"முந்தாநாளே ஆட்ட விட்டுட்டேம்மா. அதுகளாவது திங்கட்டும்."

ஸ்டெல்லாமேரி ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுதாள். எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"வந்தது வந்தீங்க, இறக்கிட்டுப் போங்க" என்றார் அவர்.

இறக்கினோம். தண்ணீர் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, வாளியை வைத்து அளந்தாள், வழக்கம் விடவில்லை. பிரிண்டில் போட்டிருந்தபடியே நிமிஷத்துக்கு ஐம்பது லிட்டர். அவள் வாளியைக் கீழே வைத்தாள். இரண்டு ஆடுகள் வந்து அதில் வாயை வைத்தன.